80 கிலோமீட்டர் சாலை, 138 மணி நேரக் காத்திருப்பு

கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால் பெட்ராபோல் வரும். பழைய மரங்கள் இருபுறமும் கவிந்து நிற்கும் ஜெஸ்ஸோர் சாலை அங்கே ஓர் இரும்புக் கதவின் முன் நின்றுவிடுகிறது. கதவுக்கு அப்பாலும் அதே சாலைதான், அதே மண்தான், அதே வங்காள மொழிதான்; ஊர்ப் பெயர் மட்டும் பேனாபோல் என்று மாறுகிறது. இந்தச் சாலைக்கு ஆசிய நெடுஞ்சாலை 1 என்ற பெயரும் உண்டு. டோக்கியோவில் தொடங்கித் துருக்கி–பல்கேரியா எல்லையில் முடிவதாக வரைபடத்தில் காட்டப்படும், 20,000 கிலோமீட்டரைத் தாண்டும் பெரும்பாதையின் ஒரு துண்டு இது.

அந்தப் பெரும்பாதையில் இந்தியச் சரக்கு வங்கதேசத்துக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஆகிறது? உலக வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வு 138 மணி நேரம் என்று கணக்கிட்டது. ஏறக்குறைய ஆறு நாள். இதில் ஆவணங்களைத் தயாரிப்பதற்கு மட்டும் 28 மணி நேரம் போகிறது. இதே அளவு போக்குவரத்தைக் கையாளும் கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. நம்மைவிட வசதி குறைந்த நாடுகள் ஆறு மணி நேரத்தில் செய்யும் வேலைக்கு நமக்கு ஏன் ஆறு நாள் என்ற கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் துரத்தப் பார்க்கிறேன்.

முதலில் எல்லையில் நடப்பதைப் பார்ப்போம். சரக்கு ஏற்றிய லாரி நேராக எல்லைக்குப் போய்விட முடியாது. போங்காவ் பக்கத்து லாரி நிறுத்துமிடங்களில் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். மேற்கு வங்க அரசு 2022இல் இணையவழியில் முன்பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்த பிறகு இந்த வரிசை ஓரளவு ஒழுங்குபட்டது. முறை வந்ததும் இந்தியச் சுங்கத்துறையின் ஏற்றுமதி அனுமதி. பிறகு 'கார் பாஸ்' என்று அங்கே சொல்லப்படும் தற்காலிக அனுமதிச் சீட்டு. அதை வைத்துக்கொண்டு லாரி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பேனாபோல் சரக்கு முற்றம் வரை போகலாம்; அதற்கு மேல் போகக் கூடாது. அங்கே சரக்கு இறக்கப்படும், சோதிக்கப்படும், கிடங்கில் இடம் இல்லாவிட்டால் லாரியோடு சேர்ந்து காத்திருக்கும். பிறகு வங்கதேச லாரியில் ஏற்றப்பட்டு டாக்காவுக்குப் புறப்படும். இந்திய லாரி பெரும்பாலும் வெறும் வண்டியாகத் திரும்பும். எந்தச் சரக்கும் ஒரு லாரியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறாமல் எல்லை தாண்டுவதில்லை என்பதுதான் இங்கே எழுதப்படாத விதி.

ஏன் அதே லாரி டாக்கா வரை போகக் கூடாது? நாமக்கல்லில் பதிவான ஒரு லாரி, தேசிய பர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு குவாஹாட்டி வரை யாரையும் கேட்காமல் போகிறது. எல்லை தாண்டியதும் அந்த பர்மிட் வெறும் காகிதம். அதன் காப்பீடு அங்கே செல்லாது. விபத்து நடந்தால் இழப்பீடு யார் தருவது என்பதற்கு விடை இல்லை. ஓட்டுநரின் உரிமமும் செல்லாது. அவருக்குத் தனியே விசா வேண்டும். அச்சுக்கு எத்தனை டன் ஏற்றலாம் என்பதில் இரு நாட்டு விதிகளும் ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சுங்கத்துறையின் அச்சம் நிற்கிறது: முத்திரையிட்ட லாரி வழியில் எங்காவது நின்று சரக்கை இறக்கி விற்றுவிட்டால், போகும் வரியை யார் கட்டுவது? இந்த அச்சத்தைப் போக்க உலகில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. லாரியை முத்திரையிட்டு, வரித்தொகைக்கு ஒரு பன்னாட்டு உத்தரவாதத்தைச் சேர்த்து, இடைப்பட்ட நாடுகளில் திறக்காமலே விடும் டிஐஆர் முறை அது. இந்தியா 2017இல் அதில் சேர்ந்தது. சேர்ந்ததோடு சரி; பெட்ராபோலின் அன்றாட நடைமுறையை அது மாற்றிவிடவில்லை.

இதில் பிழைப்பும் கலந்திருக்கிறது. ஏற்றி இறக்கும் சுமைத் தொழிலாளர்கள், கிளியரிங் ஏஜென்ட்டுகள், நிறுத்துமிடம் நடத்துபவர்கள், சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் என எல்லைக்கு இருபுறமும் பல்லாயிரம் குடும்பங்கள் அந்தத் தாமதத்தை நம்பியே அடுப்பு மூட்டுகின்றன. லாரி நிற்காமல் போனால் அவர்கள் கதி என்ன என்பதற்கு விடை சொல்லாமல் வரையப்படும் எந்தத் திட்டமும் அங்கே வேலைநிறுத்தத்தில்தான் போய் முடியும். தாமதத்தால் ஆகும் செலவைப் பெரிய நிறுவனம் விலையில் ஏற்றிச் சமாளித்துக்கொள்ளும். வெங்காயமும் மீனும் அனுப்பும் சிறு வணிகருக்கு அந்த வழி இல்லை. சரக்கு அவர் கண்ணெதிரே அழுகும்.

இது வேறெங்கோ நடக்கும் கதை போலத் தோன்றலாம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு 2017க்கு முன் லாரியில் சரக்கு அனுப்பியவர்களுக்கு அப்படித் தோன்றாது. வாளையார் சோதனைச் சாவடியில் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட வரிசையும், ஓட்டுநர்கள் லாரிக்கடியில் சமைத்துச் சாப்பிட்டு இரவைக் கழித்ததும் அவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாட்டுக்குள் இரு மாநிலங்களுக்கு நடுவே இருந்த நிலை அது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சாலையை யாரும் அகலப்படுத்தவில்லை, மலையைக் குடையவில்லை. வரி வாங்கும் இடம் எல்லையிலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

பெட்ராபோலிலும் ஒரு காலத்தில் கதவு இல்லை. 1947க்கு முன் கொல்கத்தாவும் குல்னாவும் ஒரே ரயில் பாதையின் இரு முனைகள். கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் ஏறியவர் பத்மா ஆற்றின் மேல் 1915இல் திறக்கப்பட்ட ஹார்டிஞ்சு பாலத்தைக் கடந்து இன்றைய வங்கதேசம் வழியாகவே சிலிகுரிக்குப் போனார். நாடு பிரிந்த பிறகும் ரயில்கள் ஓடின, ஆறுகளில் ஸ்டீமர்கள் அசாம் வரை போய்வந்தன. பலரும் நினைப்பதுபோல வழிகளை அறுத்தது 1947 அல்ல. 1965 செப்டம்பரில் நடந்த இந்திய–பாகிஸ்தான் போர்தான்; இன்றைய வங்கதேசம் அப்போது பாகிஸ்தானின் கிழக்குப் பகுதி. அந்த மாதம் நின்ற பயணிகள் ரயில், கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே மைத்ரி எக்ஸ்பிரஸாக மறுபடி ஓட 2008 ஏப்ரல் 14 வரை 43 ஆண்டுகள் ஆயின. இடையில் வங்கதேசம் என்ற புதிய நாடே பிறந்துவிட்டது. நட்பு நாடாகவே பிறந்தது. பாதை மட்டும் திறக்கவில்லை. ஒரு பாதையை மூட ஒரு வாரம் போதும். திறக்க ஒரு தலைமுறை போதவில்லை.

இந்த அறுப்பின் வலியை அதிகம் சுமப்பது திரிபுரா. அகர்தலாவிலிருந்து ஒரு பெட்டி சரக்கு கொல்கத்தா துறைமுகத்தை அடைய, சில இடங்களில் 20 கிலோமீட்டர் அளவுக்கே அகலமுள்ள சிலிகுரி இடுக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு 1,600 கிலோமீட்டர் போக வேண்டும். வங்கதேசம் வழியாகப் போனால் 450 கிலோமீட்டர்தான். வங்கதேசத்தின் சட்டோகிராம் (சிட்டகாங்) துறைமுகமோ அகர்தலாவிலிருந்து 200 கிலோமீட்டர்.

பிரிந்த வழிகளை ஒட்டவைக்கும் பெரிய முயற்சி 2014இல் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் காத்மாண்டுவில் கூடிய சார்க் மாநாட்டில் வாகனப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டியிருந்தது. பாகிஸ்தான் ஒப்புக்கொள்ளாததால் நின்றது. உடனே வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் தனியே கூடி, 2015 ஜூன் 15 அன்று திம்புவில் தங்களுக்கென ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நான்கு நாட்டு வாகனங்களும் ஒன்றின் மண்ணில் மற்றொன்று ஓடலாம் என்பது சாரம். அந்த ஆண்டு நவம்பரிலேயே கொல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு லாரி, சரக்கை இடையில் இறக்காமல் டாக்கா வழியாக அகர்தலாவை அடைந்தது. முடியும் என்பதற்கு அந்த ஒரு லாரியே சாட்சி. அதன் பின்னால் இரண்டாவது லாரி வரிசையாக வரவில்லை என்பதுதான் துயரம்.

2016 நவம்பரில் பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை ஒப்பந்தத்தை நிராகரித்தது. ஏழரை லட்சம் மக்கள் வாழும் மலைநாடு அது. பெரிய அண்டை நாடுகளின் லாரிகள் தன் குறுகலான மலைச்சாலைகளில் தடையின்றி ஏறினால் காற்றும் காடும் தன் சொந்த லாரிக்காரர்களின் பிழைப்பும் என்னவாகும் என்று கேட்டது. எத்தனை வண்டிகள் வரலாம் என்பதற்கு உச்சவரம்பு கேட்டது. அதைத் தடைக்கல் என்று எழுதிய டெல்லி ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அது மிக நியாயமான கேள்வியாகவே படுகிறது. மற்ற மூன்று நாடுகளும் நடைமுறை விதிகளைப் பேசிக்கொண்டே இருக்கின்றன.

அதற்குள் கான்கிரீட் வேலைகள் மளமளவென்று நடந்தன. திரிபுராவின் சப்ரூமிலிருந்து வங்கதேசத்தின் ராம்கட்டுக்கு ஃபெனி ஆற்றின் மேல் 1.9 கிலோமீட்டர் நீளமுள்ள மைத்ரி பாலத்தை 2021 மார்ச் 9 அன்று திறந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்தும் அதன் மேல் வணிக லாரி போகவில்லை. அகர்தலா–அகௌரா ரயில் பாதை 12.24 கிலோமீட்டர், 2023 நவம்பர் 1 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளி வழியே தொடங்கிவைத்தார்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறும் வரையிலும் அதில் வழக்கமான ரயில் ஓடவில்லை. பாலத்துக்குப் பணம் ஒதுக்கினால் பாலம் எழுந்துவிடும். மறுமுனையில் நிற்கும் அதிகாரி எந்தக் காகிதத்தை ஏற்பார் என்பதை முடிவு செய்யப் பணம் போதாது.

கிழக்கு ஆப்பிரிக்கா இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தது? கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் சரக்கு மலாபா அல்லது புசியா எல்லை வழியாக உகாண்டாவுக்கும், அங்கிருந்து ருவாண்டாவுக்கும் போகிறது. மலாபாவிலும் முன்பு பெட்ராபோலைப் போலவே நாள்கணக்கில் வரிசை நின்றது. அவர்கள் முதலில் சுங்கத்தை எல்லையிலிருந்தே நகர்த்தினார்கள். 2014 முதல் உகாண்டாவுக்கான வரியை மொம்பாசாவிலேயே கணக்கிடுகிறார்கள். உகாண்டாவின் வருவாய் அதிகாரிகள் கென்யத் துறைமுகத்திலேயே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். எல்லையில் இரண்டு முறை நிற்பதை ஒன்றாக்கினார்கள். வெளியேறும் நாட்டுப் பக்கம் லாரி நிற்பதே இல்லை. நுழையும் நாட்டின் கட்டடத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் அடுத்தடுத்த மேசையில் இருக்கிறார்கள். ஒரு மேசையில் முத்திரை விழுந்ததும் காகிதம் அடுத்த மேசைக்கு நகர்கிறது.

கேட்க எளிது. ஆனால் கென்ய அதிகாரி உகாண்டா மண்ணில் உட்கார்ந்து கென்யச் சட்டத்தைச் செலுத்துவதற்கு எந்த நாட்டுச் சட்டமும் சாதாரணமாக இடம் தராது. அங்கே ஒருவரை அவர் கைது செய்தால் அது யார் கைது? இதற்காகவே கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 2016இல் தனிச் சட்டம் இயற்றியது. லாரி வழிமாறுமோ என்ற அச்சத்துக்கு மின்னணு முத்திரை வந்தது. மொம்பாசாவில் பூட்டப்படும் பெட்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதை மூன்று நாட்டு அதிகாரிகளும் ஒரே திரையில் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் இந்தச் சமூகம் 1977இல் ஒருமுறை முற்றாக உடைந்து, பொது ரயில்வேயும் பொது விமான நிறுவனமும் துண்டாடப்பட்ட வரலாறு உள்ளது. உடைந்ததை அனுபவித்தவர்கள்தான் மறுபடி கட்டும்போது சட்டத்தில் இவ்வளவு கவனம் செலுத்தினார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கும் எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. அரசியல் பகையில் ருவாண்டா 2019 பிப்ரவரியில் உகாண்டாவை நோக்கிய கட்டுனா எல்லையை மூடியது. நவீன வசதிகள் எல்லாம் இருந்த வழி மூன்று ஆண்டுகள் கிட்டத்தட்ட முடங்கிக் கிடந்து, 2022 ஜனவரி இறுதியில்தான் மீண்டும் திறந்தது. மென்பொருளும் முத்திரையும் ஆறு நாளை ஆறு மணி நேரமாக்கும். ஆட்சியாளர் ஒருவர் கதவைச் சாத்த முடிவெடுத்தால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

தெற்காசியாவின் உண்மையான நோயும் இதுதான். வங்கதேசத்தின் ஏற்றுமதிச் சரக்கு இந்தியத் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போகும் வசதியை இந்தியா 2020 ஜூனில் வழங்கியது. 2025 ஏப்ரல் 8 அன்று ஒரு சுற்றறிக்கையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் போகும் சரக்கை அது தொடாது என்று பிறகு விளக்கம் வந்தது. சில நாட்களிலேயே வங்கதேசம் தன் நிலவழிச் சாவடிகள் வழியாக இந்திய நூல் வருவதை நிறுத்தியது. மே 17 அன்று இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடைகள் கொல்கத்தா, மும்பை அருகே உள்ள நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது. ஆறு வாரங்களுக்குள் மூன்று கதவுகள் சாத்தப்பட்டன.

இதில் யார் சரி, யார் தவறு என்று தராசு பிடிப்பது என் நோக்கம் அல்ல. இரு அரசுகளுக்கும் சொல்லக் காரணங்கள் உண்டு. ஆனால் நூற்பாலைக்காரர் ஒருவரின் இடத்திலிருந்து பாருங்கள். வங்கதேசத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் இந்தியப் பருத்தி நூலின் பெரிய வாடிக்கையாளர்கள். தமிழ்நாட்டு ஆலைகளும் அவர்களுக்கு விற்கின்றன. நிலவழி நாளை இருக்குமா என்பது தெரியாதபோது அவர் அந்த வழியை நம்பிக் கிடங்கு கட்டமாட்டார், லாரி வாங்கமாட்டார், நீண்டகால விலை பேசமாட்டார். மூடப்படும் நாளில் ஏற்படும் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. மூடப்படலாம் என்ற அச்சத்தாலேயே தொடங்கப்படாமல் போகும் தொழில்களை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

நேபாளம் இதை நன்றாக அறியும். 1989 மார்ச்சில் இந்தியாவுடனான வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது இரண்டைத் தவிர மற்ற வழிகள் மூடப்பட்டன. 2015 செப்டம்பரில் எல்லையில் லாரிகள் மீண்டும் நின்றன. அது எல்லைப்பகுதிப் போராட்டத்தின் விளைவு என்றது இந்தியா, முற்றுகை என்றது நேபாளம். நிலநடுக்கத்தில் வீடிழந்த மக்கள் அந்தக் குளிர்காலத்தை எரிவாயு இல்லாமல், மருந்து தட்டுப்பாட்டில் கழித்தார்கள். 2016 மார்ச்சில் நேபாளம் சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் செய்துகொண்டது. இமயமலையைத் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்க் கடலைத் தொடும் வழி அது. வணிகக் கணக்கில் நிற்காது என்பது காத்மாண்டுவுக்கும் தெரியும். இருந்தும் கையெழுத்திட்டது. இந்தியா 2019இல் மோதிஹாரியிலிருந்து அமலேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் அமைத்துக் கொடுத்தது பயனுள்ள நல்ல செயல். அதன் வால்வு யார் கையில் என்ற கேள்வியும் கூடவே அங்கே கேட்கப்படுகிறது. இந்தியா போன்ற பெரிய நாடு, இந்த வழியை இன்ன காரணத்துக்காக, இத்தனை நாள் முன்னறிவிப்போடு மட்டுமே மூடுவேன் என்று எழுத்தில் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சிறிய அண்டை நாடு அதைத்தான் எதிர்பார்க்கிறது. வேறொரு பாலத்தை அல்ல.

கொடுத்து வாங்கியதற்கு நம்மிடமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திரிபுராவின் பலாட்டானாவில் 726 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் அமைக்க ராட்சத இயந்திரங்கள் தேவைப்பட்டன. மலைப்பாதையில் அவற்றை ஏற்ற வழியில்லை. வங்கதேசம் தன் ஆஷுகஞ்ச் ஆற்றுத் துறைமுகத்தையும் சாலைகளையும் திறந்துவிட்டது. பாலங்கள் அந்தப் பளுவைத் தாங்காததால் 2011இல் திதாஸ் ஆற்றின் குறுக்கே தற்காலிகமாக மண்பாதை போட்டார்கள். ஆற்றின் ஓட்டம் தடைபட்டது, மீனவர்களும் உழவர்களும் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. வழித்தடத்தின் விலையை வழியோரத்து மக்கள் கொடுத்தார்கள். மின்நிலையம் எழுந்தது. 2016 மார்ச்சில் திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் மின்சாரம் வங்கதேசத்தின் கொமில்லா பக்கம் போகத் தொடங்கியது. அதே நாளில் வங்கதேசம் காக்ஸ் பஜார் வழியாகத் திரிபுராவுக்கு இணைய இணைப்பைத் திறந்தது.

ஜெஸ்ஸோர் சாலையின் மரங்களுக்கும் இப்படி ஒரு விலை வைக்கப்பட்டது. ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் அனுமதி கிடைத்தது. எல்லையில் ஆறு நாள் நிற்கப்போகும் லாரி வழியில் சில நிமிடங்களை மிச்சப்படுத்துவதற்காக நூறாண்டு மரங்களை வெட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சாலையையும் ரயிலையும்விட அமைதியாக ஓடும் வழி ஒன்று இருக்கிறது. 1965இல் நின்ற ஆற்றுப் போக்குவரத்தை, விடுதலை பெற்ற அடுத்த ஆண்டே, 1972இல், வங்கதேசமும் இந்தியாவும் ஓர் ஒப்பந்தத்தால் மீட்டன. கொல்கத்தாவிலிருந்து சுந்தரவனக் கழிமுகங்கள் வழியாகச் செல்லும் அந்த நீர்வழியில் பெரும்பாலும் போவது இந்திய அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல்; வங்கதேச சிமென்ட் ஆலைகளுக்கு அது மூலப்பொருள். டாக்காவில் ராணுவ ஆட்சிகள் வந்து போயின, டெல்லியில் கட்சிகள் மாறின. ஒப்பந்தம் மட்டும் மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட்டது. சில சமயம் காலக்கெடு முடிய வந்தபோது படகுக்காரர்கள் அடுத்த கையெழுத்துக்காகக் கவலையோடு காத்திருந்ததும் உண்டு. 2015 ஜூனில் அதில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: ஐந்தாண்டு முடிந்தால் ஒப்பந்தம் தானாகவே அடுத்த ஐந்தாண்டுக்குத் தொடரும்.